வாடகை வீடு மாறும் குடும்பம் அரசு வீட்டுக்கான தகுதியை நிரூபிப்பது எப்படி?

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. ஏழு வருஷமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, சகோதரிக்கு ஜவுளிக்கடையில். வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். உபதலைப் பக்கம் வாடகை குறைவு என்று அங்கே போக யோசிக்கிறார்கள். குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடி வீட்டுக்கு மனு போடும் எண்ணமும் இருக்கிறது. முகவரி மாறினால் தகுதி போய்விடுமா, வாடகை ஒப்பந்தமே இல்லாமல் எதை வைத்து நிரூபிப்பது, பரமக்குடிப் பக்கம் மாமனார் பேரில் ஒரு வீடு இருப்பது தடையாகுமா என்பவை அவர் கேள்விகள்.

வீடு மாறுவதால் மட்டும் தகுதி போகாது. ஆனால் எந்த ஊருக்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, மனு போட வேண்டிய திட்டமே மாறிவிடலாம். அப்புறம், பழைய வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கையில் வாங்க வேண்டிய காகிதங்கள் சில உண்டு. சாவியைக் கொடுத்த பிறகு அவற்றை வாங்குவது பெரும்பாடு. இந்த இரண்டையும்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

தகுதி என்று எதைப் பார்க்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிசை மாற்று வாரியம் என்று 1970-ல் தொடங்கியதுதான் 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதன் அடுக்குமாடிகளில் பல பிரதமர் வீட்டுவசதித் திட்டப் பணமும் சேர்ந்து கட்டப்படுபவை. ஆகவே அந்தத் திட்டத்தின் நிபந்தனைகள் இங்கேயும் வரும். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் என்ற குடும்பத்தில் யார் பேரிலும் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு, அதாவது நிலையாகக் கட்டிய வீடு, இருக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், கடந்த 20 வருஷத்தில் மத்திய, மாநில அரசுகளின் எந்த வீட்டுத் திட்டத்திலாவது பயன் பெற்றவர்களும் விலக்கப்படுகிறார்கள். ஒதுக்கீடு பெண் பேரிலோ தம்பதி இருவர் பேரிலுமோ இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறார்கள். அதனால் மனுவை உங்கள் பேரிலேயே போடுங்கள்.

இதில் வாடகை வீட்டில் எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்பதோ, எந்தத் தெருவில் இருந்தீர்கள் என்பதோ எங்கேயும் வரவில்லை. முகவரி கேட்பது இரண்டு காரணத்துக்காக. நீங்கள் எந்த உள்ளாட்சிக்கு உட்பட்டவர் என்று தெரிய வேண்டும். விசாரணைக்கு வருகிறவர் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மலையில் வாடகைக் குடும்பங்களின் மனுக்கள் பெரும்பாலும் அடிபடுவது இந்த இரண்டில்தான். வருமானம் கூடிப் போனதால் அடிபடுவது குறைவு.

உபதலை விஷயத்துக்கு வருகிறேன். குன்னூர் நகராட்சி. உபதலை ஊராட்சி. பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரம்தான், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே குன்னூர்தான் என்றாலும் வீட்டுத் திட்டங்களுக்கு அது வேறு உலகம். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு, சட்டப்படி நகரம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கானது. ஊராட்சிக்குள் போய் முகவரியையும் மாற்றிவிட்டால் உங்களைக் கிராமப்புறத் திட்டங்களின் பக்கம் தள்ளுவார்கள். அங்கே பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமும், 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லமும் இருக்கின்றன. கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள், நல்ல திட்டம். ஆனால் அது குடிசையில் இருப்பவர் தன் சொந்த இடத்தில் கட்டிக்கொள்வதற்கு. வாடகைக்கு இருக்கும் உங்களிடம் பட்டா இடம் எங்கே இருக்கிறது? முதலில் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு போட்டு, அது கிடைத்த பிறகு வீட்டுக்கு மனு போட வேண்டும். நீலகிரியில் அரசு இடம் என்று பார்த்தால் பாதி வனம், மீதி சரிவு. மனைப் பட்டாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

ஆகவே வாரிய வீடுதான் இலக்கு என்றால், மாறும் வீட்டை நகராட்சிக்குள்ளேயோ பேரூராட்சிக்குள்ளேயோ பாருங்கள். ஜெகதளா, கேத்தி, அதிகரட்டி எல்லாம் பேரூராட்சிகள். பார்க்கக் கிராமம் மாதிரி இருந்தாலும் கணக்கில் நகர்ப்புறம். வாடகையில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று ஊராட்சிக்குப் போய்விட்டு, ஒரு வருஷம் கழித்து மனு திரும்பி வந்தபோது தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டின் வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதின் தலைப்பிலேயே நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்று அச்சாகியிருக்கும். வீட்டுக்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். பல நேரம் அவருக்கே எல்லை சரியாகத் தெரிவதில்லை.

வாரிய வீடுகள் எல்லாமே மனு போட்டு வாங்குபவை இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். ஓடைக்கரை, மண்சரிவு அபாயமுள்ள சரிவு, ஆட்சேபகரமான புறம்போக்கு (குடியிருக்க அனுமதிக்கக் கூடாத அரசு நிலம்) ஆகிய இடங்களில் இருப்பவர்களை மறுகுடியமர்த்தவும் வீடுகள் ஒதுக்கப்படுகின்றன. 2009 நவம்பர் மண்சரிவுக்குப் பிறகு நீலகிரியில் யாருக்கும் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கணக்கெடுப்பு நடந்தால், அந்த நேரத்தில் அங்கே குடியிருக்கும் குடும்பங்களைத்தான் பட்டியலில் எழுதுவார்கள். நீங்கள் இப்போது இருக்கும் வீடு அந்த வகை என்றால், கணக்கெடுப்பு வருகிறதா என்று நகராட்சியில் விசாரித்துவிட்டுக் காலி செய்யுங்கள். மழையில் வீடு சேதமாகி வெளியேறியவர்கள் வருவாய்த்துறை எழுதிய சேத அறிக்கையின் நகலை வாங்கி வைத்திருக்க வேண்டும். நிவாரணப் பணம் வந்ததும் அந்தக் காகிதத்தைப் பலர் தொலைத்துவிடுகிறார்கள்.

இனி பழைய வீட்டில் வாங்க வேண்டியவை. ஏழு வருஷமாக ஒப்பந்தமே இல்லை என்கிறீர்கள். மலையில் இது சர்வ சாதாரணம். ஆனால் நிலச் சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று 2017-ல் ஒன்று வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர்தான் வாடகை அதிகாரி. பதிவுக்கு இணையதளம் இருக்கிறது. பதிந்தால் ஒரு பதிவெண் கிடைக்கும். அந்த எண் உள்ள ஒப்பந்தத்துக்கும், நோட்டரி முத்திரை மட்டும் குத்திய பத்திரத்துக்கும் அரசு அலுவலகத்தில் இருக்கும் மதிப்பே வேறு. வீட்டுக்காரர் சேர்ந்து பதிய வராவிட்டால் வாடகைதாரர் தனியாகவும் விவரத்தைத் தாக்கல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புதிய வீட்டில் முதல் நாளே இதைப் பேசி முடித்துவிடுங்கள். அட்வான்ஸ் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

பழைய வீட்டுக்காரரிடம் இப்போது போய் ஒப்பந்தம் கேட்டால், காலி செய்ய மாட்டார்களோ என்று அவர் பயப்படுவார். அந்தப் பயத்தை முதலில் போக்குங்கள். "இந்தத் தேதியில் காலி செய்கிறோம்" என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை இந்தக் கதவு எண்ணில் குடியிருந்தார்கள், வாடகை பாக்கி இல்லை என்று அவர் ஒரு கடிதம் கொடுக்கட்டும். கூடவே அவருடைய வீட்டு வரி ரசீது, மின்கட்டண அட்டை ஆகியவற்றின் நகல். அவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் கொடுத்துவிடுவார். கொடுக்கவே இல்லையென்றாலும் வழி இருக்கிறது. வாடகையைப் போன் வழியாக அனுப்பியிருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தில் மாதாமாதம் அந்தத் தொகை போயிருக்கும். கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, தபால் அலுவலகச் சேமிப்புப் புத்தகம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் அதே கதவு எண் இருந்தால் அவை சேர்ந்து பேசும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய சான்று இல்லைதான். நான்கைந்து ஒன்றாகச் சேர்ந்து ஒரே முகவரியைச் சொல்லும்போது கிராம நிர்வாக அலுவலர் தயங்காமல் பரிந்துரை எழுதுவார்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். பழைய ஜன்மி நில உடைமையை ஒழித்த 1969-ம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தில், குத்தகை நிலங்களைப் பற்றிய 17-வது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களில் வீட்டுக்காரரிடமே பட்டா கிடையாது, பல வீடுகளுக்கு மின் இணைப்பும் கிடைக்கவில்லை. அவரிடம் போய் வரி ரசீதும் மின் அட்டையும் கேட்டால் எங்கே போவார்? அங்கே இருக்கும் வாடகைதாரர்கள் வட்டாட்சியரிடம் இருப்பிடச் சான்றுக்கு நேரடியாக மனு செய்வதுதான் சரி. இருப்பிடச் சான்று நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறது, நிலம் யாருடையது என்ற பேச்சுக்கே அது போவதில்லை. இதை விசாரணைக்கு வருபவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஓய்வு பெற்று வெளியேறுகிறவர்களும் ஒருவகையில் வீடு மாறும் குடும்பங்கள்தான். தோட்டத் தொழிலாளர்களுக்கு முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்று 1951-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வேலை போனால் வீடும் போகும். முப்பது வருஷம் லைனில் இருந்தவர்களைப் பார்த்து "உங்களுக்கு வீடு இருக்கிறதே" என்று சொல்வதைக் கேட்டால் மனசு கொதிக்கும். லைன் வீடு அவர்கள் சொத்து இல்லை. வேலைக்காகத் தந்த வீடு என்பதால் வாடகைச் சட்டத்துக்குள்ளும் அது வராது, அதனால் வாடகை ஒப்பந்தம் கேட்பதும் பொருந்தாது. எஸ்டேட் நிர்வாகத்திடம் பணிக்காலச் சான்றும், குடியிருப்பு எண் போட்ட கடிதமும் வாங்கினால் போதும். கிராஜுவிட்டி வாங்கும் அன்றே இதையும் வாங்கிவிட வேண்டும். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்கள், மண்டபம் முகாமில் தந்த பழைய குடும்ப அட்டையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பேரப் பிள்ளைகள் காலத்தில்கூட அது தேவைப்படுகிறது.

கொடைக்கானல் பக்கம் ஒத்திக்கு வீடு எடுத்திருப்பவர்களும் இதே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். ஒத்திப் பணம் எத்தனை லட்சம் கொடுத்திருந்தாலும் அது சொந்த வீடு ஆகாது. ஒத்திப் பத்திரம் பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் தெரியும். யாராவது அதைக் காட்டிக் கேட்டால் பத்திரத்தின் நகலைக் கொடுத்து, அது ஒத்திதான், கிரயம் இல்லை என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வருமானச் சான்று. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மனுக்களில் முரண்பாடு அதிகம் வருவது இங்கேதான்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கிறோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் நிலை என்று போய்ச் சான்று வருகிறது. விண்ணப்பிக்கும்போது மையத்தில் இருப்பவர் "வருஷத்துக்கு எவ்வளவு போடட்டும்?" என்று கேட்பார். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வரும், அதற்குள் ஒரு தொகையைச் சொல்லிவிடுவோம். மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000 வரை என்றதும் அந்த மனுவில் வேறு ஒரு தொகை. பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு இன்னொன்று. வாரிய வீட்டு மனுவோடு கணவரின் சம்பளச் சீட்டை இணைக்கும்போது நான்காவதாக ஒரு தொகை வந்து நிற்கும். எல்லாமே 3 லட்சத்துக்குள் இருக்கும். எதைச் சொன்னாலும் தகுதி உண்டு. ஆனாலும் தொகைகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாததால், கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பி வரும்.

உங்கள் கணக்கை இப்படிப் போடலாம். கணவருக்கு மாதம் 13,000, உங்களுக்கு 8,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,52,000. அதுதான் உங்கள் வருமானம், அதையே சொல்லுங்கள். தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை வரத்து குறையும் மாதங்களில் வேலை நாள் குறைகிறது என்றால், பி.எஃப். கணக்கில் அது அப்படியே பதிவாகியிருக்கும். அந்த விவரத்தை எடுத்து, பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி உண்மையான தொகையைப் போடலாம். கடைக்காரரிடம் சம்பளச் சீட்டு இல்லையென்றால் கடையின் பெயர் அச்சடித்த தாளில் ஒரு கடிதம் போதும். மனு போடும் நாளில் சான்றின் தேதி ஒரு வருஷத்துக்குள் இருக்கட்டும்.

குறைத்துச் சொல்லிவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒதுக்கீடு வந்த பிறகு பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டியிருக்கும். அதற்கு வங்கிக் கடன் கேட்டுப் போவீர்கள். வருஷ வருமானம் 72,000 என்று சான்று வைத்திருப்பவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? உண்மையான வருமானம் 3 லட்சத்துக்குள்தான் இருக்கிறது என்றால் அதை மறைக்க ஒரு காரணமும் இல்லை.

வருமானச் சான்றில் வீடு மாறுபவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. இ-சேவையில் உங்களுக்கு ஒரு குடிமக்கள் கணக்கு எண் இருக்கும். முதல் முறை சாதிச் சான்று வாங்கியபோது யாரோ பதிந்து கொடுத்திருப்பார்கள். அதில் அன்றைய முகவரி, வட்டம், கிராமம் எல்லாம் இருக்கும். நீங்கள் வட்டம் மாறிப் போய், அதைத் திருத்தாமல் விண்ணப்பித்தால் மனு பழைய ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்கும். அவர் விசாரித்துவிட்டு "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதித் தள்ளிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. ஆகவே காலி செய்வதற்கு முன் விண்ணப்பித்து, பழைய முகவரியிலேயே சான்றை வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால் புதிய வீட்டுக்குப் போய் அந்தக் கணக்கில் முகவரியைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். பாதி அங்கே பாதி இங்கே என்று மட்டும் வேண்டாம்.

மாமனார் வீட்டுக்கு வருவோம். திட்டம் பார்க்கும் குடும்பம் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். மாமனார் உயிரோடு இருந்து, வீடு அவர் பேரில் இருக்கிறது என்றால் அது உங்கள் குடும்பத்தின் வீடு ஆகாது. அவர் காலமாகி, வீடு பாகம் பிரிக்காமல் கிடக்கிறது என்றால் கதை வேறு. கணவர் வாரிசுகளில் ஒருவர், வீட்டில் அவருக்குப் பங்கு இருக்கிறது. பட்டா இன்னும் அப்பா பேரில்தானே இருக்கிறது என்று மறைத்துவிட்டு, "எங்கும் வீடு இல்லை" என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பின்னால் கூட்டுப் பட்டாவாக மாறி அவர் பெயர் ஏறும்போது, அன்று கொடுத்தது பொய் உறுதிமொழி என்று ஆகிவிடும், ஒதுக்கீடே ரத்தாகலாம். அண்ணன் தம்பி அங்கே குடியிருந்து, உங்கள் கணவர் பங்கை விட்டுக்கொடுக்க மனதார சம்மதித்திருந்தால், விடுதலைப் பத்திரத்தை முறையாகப் பதிவு செய்துவிட்டு மனு போடலாம். அது குடும்பத்துக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம். வாரிய வீடு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் கையில் இருக்கும் பங்கை அவசரப்பட்டு விட வேண்டாம் என்பது என் எண்ணம். வீடு மண் சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்தால் அது பக்கா வீடு இல்லை. அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் அதை எழுதி வாங்க முடிந்தால் நல்லது.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெண்களை அதிகம் அலைய வைப்பது இதுதான். பள்ளிச் சான்றில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பின் எடுத்த ரேஷன் அட்டையில் கணவர் இனிஷியல். ஆதாரில் கணவரின் முழுப் பெயரும் பின்னால் சேர்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. நான்கும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. மனு போடுவதற்கு முன் நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆதாரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துவது சுலபம். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கட்டும். ஆதாரோடு இணைத்த போன் எண்ணை இந்த நேரத்தில் மாற்றவே மாற்றாதீர்கள். ரீசார்ஜ் போடாமல் விட்டு அந்த எண் போய்விட்டால், ஒருமுறைக் கடவு எண் வராமல் எல்லா வேலையும் நின்றுவிடும்.

புதிய வீட்டுக்குப் போன பிறகு முகவரி மாற்றும் வரிசை: முதலில் ஆதார். பதிவான வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதை வைத்தே மாற்றலாம். இல்லையென்றால் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் நகர்மன்ற உறுப்பினர், வட்டாட்சியர் போன்றவர்களிடம் போட்டோ ஒட்டிக் கையெழுத்து வாங்கலாம். அந்தச் சான்று மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். ஒருவருக்கு மாறியதும், குடும்பத் தலைவர் வழியாக மற்றவர்களுக்கும் மாற்றும் வசதி 2023-லிருந்து இருக்கிறது. அப்புறம் ரேஷன் அட்டை, இணையத்திலேயே முகவரி மாற்றம் கேட்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து விசாரணை வரும். தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் பொருள் வாங்க முடிகிற காலம் இது, அதனால் அரிசிக்காக அவசரப்பட வேண்டியதில்லை. ஆதார் மாறிய பிறகு நிதானமாகச் செய்யலாம். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8.

மனு ஏற்கெனவே பழைய முகவரியில் போயிருந்தால்? அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டாம். இரண்டு மனு ஆகி, இரண்டும் கேள்விக்குள்ளாகும். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தேதியிலிருந்து புதிய முகவரி இது, போன் எண் மாறவில்லை என்று நகராட்சிக்கும் வாரியத்தின் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கும் கடிதம் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

விசாரணைக்கு வருகிறவர் எப்படி வருவார் தெரியுமா? முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது அபூர்வம். கையில் ஒரு பட்டியலோடு பகல் பதினொரு மணிக்கு வருவார். நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருப்பீர்கள். கதவு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் கேட்பார். "அவங்க போன மாசமே காலி பண்ணிட்டாங்களே" என்று அவர்கள் வெள்ளந்தியாகச் சொல்வார்கள். பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே "குடியிருக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தையை அழிக்க மாதக்கணக்கில் நடக்க வேண்டிவரும். அதனால் பழைய வீட்டின் அக்கம்பக்கத்திலும் முனைக் கடையிலும் புதிய முகவரியும் போன் எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். யாராவது விசாரித்தால் உடனே போன் போடச் சொல்லுங்கள். பழைய பகுதிக் கிராம நிர்வாக அலுவலரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மலையில் முகம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மனு போட்ட செய்தி வெளியே தெரிந்ததும் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவர்களைப் பற்றி ஒன்று. பயனாளி பங்குத் தொகை ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த பிறகு வாரியத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், கையில் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே ஒதுக்கீடு பெற்றவரிடம் வாரிய வீட்டை வாடகைக்கோ ஒத்திக்கோ எடுத்தால் அது பின்னால் நம் பேருக்கு மாறும் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். மாறாது. சோதனையில் அவரோடு சேர்த்து உங்களையும் வெளியே அனுப்புவார்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். காரணம் கையில் கிடைத்ததும், அதற்கு மட்டும் பதில் சொல்லி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். வாழ்க்கைக் கஷ்டம் முழுவதையும் நான்கு பக்கம் எழுதுவதைவிட, "வீடு பூட்டியிருந்தது என்று எழுதியுள்ளார்கள், நாங்கள் இந்தத் தேதியில் வீடு மாறினோம், அதைத் தெரிவித்த கடிதத்தின் நகல் இத்துடன்" என்று அரைப் பக்கம் எழுதினால் வேலை நடக்கும்.

உங்களுக்கு இருக்கும் இரண்டு மாதத்தில் முதல் வாரமே வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், வீட்டுக்காரரிடம் கடிதப் பேச்சையும் தொடங்குங்கள். உபதலை வீட்டுக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால், ஜெகதளாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பரமக்குடி வீட்டின் பட்டா இன்று யார் பேரில் இருக்கிறது, மாமனார் இருக்கிறாரா என்பதை எழுதினால், உறுதிமொழிப் பத்திரத்தில் என்ன வாசகம் போட வேண்டும் என்று சொல்கிறேன்.